ஷாக் அப்சார்பர் எதை அப்சார்ப் பண்ணுகிறது?

'பேக் டு தி ஃபியூச்சர்' (1985) என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கதவு மேல்பக்கம் திறக்கும் அந்த டெலோரியன் கார்தான். ஆனால் படத்தின் நாயகன் மார்ட்டி ஏங்குவது வேறொரு வண்டிக்கு. கருப்பு நிற டொயோட்டா எஸ்ஆர்5 பிக்கப். தரையிலிருந்து நன்றாகத் தூக்கி, பெரிய டயர் மாட்டி, கேபினுக்குப் பின்னால் குழாயை வளைத்து அதன்மேல் வரிசையாக விளக்கு வைத்த வண்டி. எண்பதுகளில் ஓர் அமெரிக்கப் பையனுக்கு அதுதான் கனவு. டொயோட்டா 1979-ல் அமெரிக்காவில் 4x4 பிக்கப்பை விற்க ஆரம்பித்தது. 1985 வரை வந்த வண்டிகளில் முன் ஆக்ஸில் ஒரே இரும்புத் தண்டு. நான்கு மூலையிலும் நம் லாரிகளில் இருப்பது மாதிரியே கமான் பட்டை. 1986-ல் முன்பக்கத்தை மாற்றி, சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்புக்குப் போய்விட்டார்கள். அதனாலேயே 79–85 வண்டிகளுக்கு இன்றும் தனி மவுசு.

அரிசோனாவில் இருக்கும் என் கல்லூரி நண்பன் அதில் 1984 மாடல் ஒன்றை வாங்கினான். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே 4 இன்ச் தூக்கி வைத்திருந்த வண்டி. ஒரு ராத்திரி ஏழெட்டு ஷாக் அப்சார்பர்களின் படத்தை அனுப்பி, "டேய், இதுல எதுடா நல்லது?" என்று கேட்டான். ட்வின் ட்யூப், மோனோ ட்யூப், கேஸ், ரிசர்வாயர், திருகு வைத்தது, சக்கரத்துக்கு இரண்டு மாட்டுவது என்று ஏகப்பட்ட வகை. கோடு எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது? ஆனால் படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. கேட்டலாக்கில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இந்த வகைகள் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. கிணறு வெட்டும்போது தெரியும் மண் அடுக்கு மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு காலத்து ஆட்கள் ஒரு தொல்லையைத் தீர்க்கப்போய் விட்டுவிட்டுப் போனது. எந்தத் தொல்லை என்று தெரிந்தால், நமக்கு அது இருக்கிறதா இல்லையா என்றும் தெரிந்துவிடும்.

முதலில் பெயர். ஷாக் அப்சார்பர் ஷாக்கை அப்சார்ப் பண்ணுவதில்லை. அந்த வேலையைச் செய்வது ஸ்பிரிங். சக்கரம் கல்லில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை அது அப்படியே திருப்பியும் கொடுத்துவிடும், அதுதான் தொல்லை. கல் தாண்டிப் போன பிறகும் வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்கி, அதிலிருக்கும் ஆற்றலைச் சூடாக மாற்றிக் காற்றில் விடுவதுதான் ஷாக் அப்சார்பரின் முழு வேலை. பிரிட்டிஷ்காரர்கள் இதை டேம்ப்பர் என்பார்கள், அதுதான் பொருத்தம். வண்டியைத் தாங்குவதோ உயர்த்துவதோ இதன் வேலையில் இல்லை. இந்த ஒரு வரியை மறந்துவிட்டுத்தான் பாதிப் பேர் ஷாக் வாங்குகிறார்கள்.

நம் ஊர் வில் வண்டியை நினைத்துப் பாருங்கள். கமான் பட்டை உண்டு, ஷாக் கிடையாது. ஆனாலும் ஒரேயடியாகத் துள்ளாது. ஏனென்றால் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று உரசும். அந்த உராய்வே ஒரு டேம்ப்பர். மாட்டு வேகத்துக்கு அது போதும். மோட்டார் கார் வந்து மணிக்கு 50, 60 கிலோமீட்டர் போக ஆரம்பித்தபோதுதான் உராய்வு போதாமல் போனது.

உராய்வு போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் உராய்வைச் சேர்ப்போம் என்பதுதான் மனுஷனுக்கு முதலில் தோன்றியது. பிரான்சில் ட்ரூஃபோ என்பவர் 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் அப்படி ஒன்றைச் செய்தார். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கை. அவை சேரும் இடத்தில் வட்டத் தகடுகளை அடுக்கி ஒரு திருகால் இறுக்கியிருக்கும். கை விரிந்து மடங்கும்போது தகடுகள் உரசும். எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் இதைப் பார்த்துத் தன் ஓல்ட்ஸ்மொபைல் காரில் மாட்டி ஓட்டிவிட்டு, பிறகு ட்ரூஃபோ–ஹார்ட்ஃபோர்ட் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். 1920களின் பந்தயக் கார்களில்கூட இந்த வகைதான் இருந்தது.

அதன் குறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு காய்ந்த தகடு உரசும்போது வரும் எதிர்ப்பு, வேகத்தைப் பொறுத்து ஏறக்குறைய மாறாது. மெதுவாக அசைத்தாலும் வேகமாக அசைத்தாலும் அதே அளவுதான். சொல்லப்போனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதுதான் பிடிப்பு அதிகம். அதனால் சின்னக் கல்லில் ஏறினால் அசையவே அசையாது, முழு அடியும் உட்கார்ந்திருப்பவர் இடுப்புக்குப் போகும். பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ அந்தப் பிடிப்பு எந்த மூலைக்கு? நமக்கு வேண்டியது சரியாக இதற்கு நேர்மாறு. மெல்ல அசைந்தால் விட்டுக்கொடுக்கணும், வேகமாக அசைந்தால் முறைச்சு நிக்கணும்.

இதே காலத்தில் கிளீவ்லேண்டில் கிளாட் ஃபாஸ்டர் என்பவர் கார்களுக்கு ஹாரன் செய்து கொண்டிருந்தார். ஹாரன் என்பதால் கம்பெனிக்கு எக்காளம் ஊதும் தேவதூதர் கேப்ரியேலின் பெயர். அவர் செய்த ஸ்னப்பர் ஒரு வார்ப்பட்டைதான்: ஸ்பிரிங் விரியும்போது மட்டும் இழுத்துப் பிடிக்கும். அந்த கேப்ரியேல் பெயரைத்தான் 1961 முதல் கேப்ரியேல் இந்தியா சுமக்கிறது. ஓசூரிலும் தொழிற்சாலை உண்டு. நம் ஊர் உதிரிபாகக் கடைகளில் ஷாக் என்று கேட்டால் கேப்ரியேலா என்று திருப்பிக் கேட்பதற்குப் பின்னால் ஒரு தேவதூதரும் ஒரு ஹாரனும் இருக்கிறார்கள். (இந்தத் தொழிலில் இது சகஜம். மன்ரோ ஆரம்பித்தது டயருக்குக் காற்றடிக்கும் பம்பில், கோனி குதிரைச் சேணத்தில், பில்ஸ்டீன் ஜன்னல் கொக்கியில். ஷாக் அப்சார்பர் செய்யவே பிறந்தவர்கள் என்று யாரும் கிடையாது.)

எண்ணெய்க்கு வந்தவர் பிரான்சின் மோரிஸ் ஹூதாய். தண்ணீரில் கையை மெதுவாக வீசினால் சுலபம், வேகமாக வீசினால் எதிர்க்கும். ஒரு திரவத்தைச் சின்னத் துளை வழியாகத் தள்ளினாலும் அப்படித்தான், வேகம் கூடக் கூட எதிர்ப்பு கூடும். நாம் தேடிய குணம் இதில் தானாகவே வந்துவிடுகிறது. ஹூதாயின் கருவியில் ஒரு வட்டக் கிண்ணத்துக்குள் துடுப்பு மாதிரி ஒரு தகடு சுழன்று திரவத்தைத் தள்ளும். ஃபோர்டின் மாடல் டி காரில் ஷாக் அப்சார்பரே கிடையாது. வாங்கியவர்கள் வெளிக்கடையில் எதையாவது வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அடுத்து வந்த மாடல் ஏ காரில் நான்கு சக்கரத்துக்கும் ஹூதாய் ஷாக் கம்பெனியிலேயே பொருத்தி வந்தது. உள்ளே ஊற்றியது எண்ணெய்கூட இல்லை, கிளிசரின்.

துடுப்பும் நெம்புகோலும் போய், இன்று நமக்குத் தெரிந்த நீளக் குழாய் வடிவம் வந்தது 1930களில். மன்ரோ செய்தவை ஹட்சன் கார்களில் போயின. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பில் நான்கு பக்கமும் கமான் பட்டை, நான்கு பக்கமும் குழாய் ஷாக். பின்னாளில் மஹிந்திரா இங்கே கொண்டுவந்ததும் அந்த ஜீப்பின் வம்சம்தான். நண்பனின் டொயோட்டாவுக்கு அடியில் படுத்துப் பார்த்தால் தெரிவதும் ஏறக்குறைய அதே ஏற்பாடு.

குழாய் ஷாக்கில் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய விலைப் பட்டியலில் பாதி அந்தச் சிக்கலால் வந்தது. குழாய் நிறைய எண்ணெய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் கம்பி உள்ளே இறங்கும்போது கம்பியும் இடம் பிடிக்குமே? எண்ணெய் அமுங்காது. அப்போது அந்த அளவு எண்ணெய் எங்கே போகும்? ட்வின் ட்யூப் சொல்லும் பதில்: வெளியே இன்னொரு குழாய், அதில் பாதி எண்ணெய், மீதி காற்று. உபரி எண்ணெய் அடி வால்வு வழியாக அங்கே ஒதுங்கும். மலிவு, மென்மை, தார் ரோட்டில் அருமை. ஆனால் கரடுமுரடான பாதையில் விடாமல் குலுக்கினால், காற்றும் எண்ணெயும் ஒரே வீட்டில் குடியிருப்பதால், சோடா பாட்டிலைக் குலுக்கியது மாதிரி நுரை கட்டிவிடும். நுரை துளை வழியாகச் சுலபமாக நழுவிவிடும். எதிர்ப்பு போச்சு.

பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்தியான் பூர்சியே து கார்போன் இதற்கு வேறு பதில் சொன்னார். ஒரே குழாய். அதன் ஒரு முனையில் நைட்ரஜனை அழுத்தி அடைத்து, அதற்கும் எண்ணெய்க்கும் நடுவே மிதக்கும் ஒரு தடுப்பு பிஸ்டன். கம்பி உள்ளே வந்தால் வாயு கொஞ்சம் அமுங்கி இடம் கொடுக்கும். எண்ணெயோடு கலக்காது, நுரையும் கட்டாது. பில்ஸ்டீன் இந்த உரிமையை வாங்கி, 1957-ல் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்குத் தொடர் உற்பத்தியில் கொடுத்தது. சூடும் ஒரே சுவர் வழியாக நேராகக் காற்றுக்குப் போய்விடுவதால் சீக்கிரம் ஆறும். இதற்கும் ஒரு குறை உண்டு. பிஸ்டன் ஓடுவது வெளிச்சுவரிலேயே என்பதால், ஒரு கல் தெறித்துக் குழாயில் சொட்டை விழுந்தால் கதை முடிந்தது. ட்வின் ட்யூபில் வெளிக்குழாய் சொட்டையானாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்.

'கேஸ் ஷாக் போட்டா வண்டி தூக்கும்' என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மோனோ ட்யூபில் வாயு அழுத்தம் சுமார் 25 பார். கம்பியின் குறுக்களவு 14 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 1.54 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் வெளியே தள்ளும் விசை சுமார் 39 கிலோ. ஒன்றரை டன் வண்டியின் ஒரு மூலையில் 39 கிலோ! வாயு இருப்பது எண்ணெயை எண்ணெயாகவே வைத்திருப்பதற்கு. தூக்குவதற்கு அல்ல.

இனி பிக்கப்பை உயர்த்தும் கதை. 1967 நவம்பரில், மெக்சிகோவின் திஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை பாஹா பாலைவனத்தின் குறுக்கே ஒரு பந்தயம் நடந்தது. முதலில் வந்தது மேயர்ஸ் மேங்க்ஸ் என்ற, ஃபோக்ஸ்வேகன் அடிப்பாகத்தில் செய்த சின்ன பக்கி வண்டி. எடுத்துக்கொண்டது 27 மணி 38 நிமிடம். 1971-லும் 1972-லும் பார்னெல்லி ஜோன்ஸும் பில் ஸ்ட்ராப்பியும் ஃபோர்ட் பிராங்கோவை வைத்து ஜெயித்தார்கள். மணிக்கணக்கில் மேடுபள்ளத்தில் ஓட்டும்போது ஷாக் அப்சார்பருக்கு என்ன நேரும் என்று இதற்கு முன் யாரும் இவ்வளவு கொடுமையாகச் சோதித்துப் பார்த்ததில்லை.

பாலைவன மண் ரோடு நாளடைவில் வரி வரியாக அலை கட்டிவிடும். இரண்டு மேட்டுக்கு நடுவே 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 15 மீட்டர், ஆக நொடிக்கு 20 மேடு. ஒவ்வொரு மேட்டுக்கும் ஷாக் ஒரு முறை உள்ளே, ஒரு முறை வெளியே. ஒவ்வொரு தடவையும் 2.5 சென்டிமீட்டர் நகர்கிறது, சராசரியாக 1000 நியூட்டன், அதாவது சுமார் 100 கிலோ எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டால், ஒரு ஷாக்கில் 1000 வாட் சூடு. துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியை எண்ணெய்க்குள் முக்கி வைத்த மாதிரி. எண்ணெய் இளகும், வால்வு நழுவும், சீல் ஒழுகும்.

பந்தயக்காரர்கள் கண்ட வழி, ஒரு சக்கரத்துக்கு இரண்டு, மூன்று, நான்கு ஷாக் மாட்டுவது. சூட்டைப் பங்குபோட்டுக்கொள்வது என்பதுதான் கணக்கு. அந்த ஷாக் ஒவ்வொன்றும் மென்மையாக இருந்தால்தான் இது சரிவரும். ஆனால் ஊரில் வேடிக்கை பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டது எண்ணிக்கையை மட்டும்தான். எழுபதுகளின் கடைசியில் அமெரிக்க ஊர்களில் பிக்கப்பைத் தூக்குவது ஒரு மோகமானது. மிசூரி மாகாணத்தில் பாப் சேண்ட்லர் தன் 1974 ஃபோர்ட் எஃப்-250-ஐ உயர்த்திக்கொண்டே போய், அதுவே 'பிக்ஃபுட்' என்ற முதல் மான்ஸ்டர் டிரக் ஆகி, 1981-ல் கார்களின்மேல் ஏறி நசுக்கியது. பளபளக்கும் நிறத்தில் சக்கரத்துக்கு இரண்டு மூன்று ஷாக் தெரிய நிற்பது அழகு என்றானது. ஃபோர்ட் கம்பெனியே எண்பதுகளில் எஃப்-150, பிராங்கோ 4x4 வண்டிகளுக்கு முன்பக்கம் நான்கு ஷாக் என்று ஒரு விருப்பத் தேர்வு வைத்தது.

ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. ஒரு ஸ்பிரிங்குக்கு எவ்வளவு டேம்ப்பிங் வேண்டும் என்பது ஸ்பிரிங்கின் விறைப்பு, அது தாங்கும் எடை இரண்டையும் பெருக்கி எடுக்கும் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. லிஃப்ட் கிட்டோடு வரும் பட்டை பழையதைவிட 20 சதவீதம் விறைப்பு என்றால், டேம்ப்பிங் சுமார் 10 சதவீதம் கூடினால் போதும். சாதா ஷாக்கையே சக்கரத்துக்கு இரண்டாக மாட்டினால் டேம்ப்பிங் இரண்டு மடங்கு. அதற்குப் பொருத்தமான ஸ்பிரிங் நான்கு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். 1984 டொயோட்டாவில் அப்படி ஒரு பட்டையைப் போட்டால் முதுகெலும்பு என்னத்துக்கு ஆகும்? டேம்ப்பிங் அளவுக்கு மீறிப்போனால் வண்டி 'ஸ்ட்ராங்' ஆகாது. நொடிக்கு 20 மேடு வரும் ரோட்டில், சக்கரம் ஒரு மேட்டில் ஏறி இறங்கி வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பிரிங் அமுங்கியே நின்று, கடைசியில் வண்டி ரப்பர் கட்டையில் உட்கார்ந்தபடி ஓடும். சக்கரம் தரையைச் சரியாகத் தொடாது. தரையைத் தொடாத சக்கரத்துக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது.

கடினம் என்றால் உறுதி என்ற நினைப்பு லிஃப்ட் கிட் விற்கும் இடங்களில் இன்னும் போகவில்லை. ராஞ்சோவின் ஆர்எஸ்9000 போல திருகு வைத்து 5 நிலையில் மாற்றக்கூடிய ஷாக் வந்ததே ஒரு விதத்தில் அதற்கு மருந்துதான். ஓட்டிப் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில் நண்பனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. பின்பக்க ஷாக்கின் மேல் ஆணி முறிந்து தொங்குகிறது. மண் ரோட்டில் ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது பின்பக்கம் சட்டென்று ஒரு பக்கமாக விலகியிருக்கிறது. பக்கத்து சீட்டில் அவன் மகள். நல்லவேளை, எதிரே வண்டி எதுவும் வரவில்லை. 'அந்த பிராண்டே மட்டம், வேற வாங்கணும்' என்று எழுதியிருந்தான். நான் பிராண்டைக் கேட்கவில்லை. நீளத்தைக் கேட்டேன்.

முந்தைய உரிமையாளர் வண்டியை 4 இன்ச் தூக்கிவிட்டு, பின்பக்கம் பழைய நீள ஷாக்கையே விட்டுவைத்திருந்தார். வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக் 4 இன்ச் நீண்டு, முழு நீட்சிக்குப் பக்கத்தில் போய்விட்டது. பள்ளம் வந்து சக்கரம் கீழே இறங்கப் பார்க்கும்போதெல்லாம் மொத்த ஆக்ஸிலும் அந்த ஷாக்கில் தொங்கியிருக்கிறது. ஆக்ஸிலைத் தொங்கவிடுவதற்காகச் செய்த ஆணி இல்லை அது. எந்த பிராண்டாக இருந்தாலும் முறிந்திருக்கும்.

அதனால் முதல் கேள்வி, வண்டி எப்படி உயர்ந்தது என்பது. கேபினுக்கும் சேசிஸுக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்கிய பாடி லிஃப்ட் என்றால் சஸ்பென்ஷன் அசையவே இல்லை. பழைய நீள ஷாக்கே போதும், நீளமானதை வாங்கினால் தப்பு. ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை (பின்பக்கம் மட்டும்தான் இதைச் செய்யலாம், முன்பக்கம் வைப்பது ஆபத்து) அல்லது வளைவு கூடிய புதுப் பட்டை என்றால் ஷாக் நீள வேண்டும். 1986-க்குப் பிந்தைய டொயோட்டாக்களில் முன்பக்கம் டார்ஷன் பாரை முறுக்கித் தூக்குவார்கள். அங்கே சக்கரத்தின் மொத்த நகர்வு ஒரு துளிகூடக் கூடுவதில்லை, கீழே இறங்கும் பங்கைத் தின்றுதான் வண்டி உயர்கிறது. நீள ஷாக் வாங்கி எந்தப் பிரயோசனமும் இல்லை.

அடுத்தது டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுப்பது. கேட்டலாக்கில் '4 இன்ச் லிஃப்டுக்கு' என்று போட்டிருப்பதை நம்பக் கூடாது, ஏனென்றால் நாற்பது வருஷப் பட்டை எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்பது கேட்டலாக்குக்குத் தெரியாது. ஒரு உதாரணக் கணக்கு: வண்டி தரையில் நிற்கும்போது மேல் ஆணியிலிருந்து கீழ் ஆணிக்கு 20 இன்ச். ஆக்ஸில் மேலே ஏறி ரப்பர் கட்டையில் முட்ட 4 இன்ச் இருக்கிறது. அப்போது தூரம் 16. ஷாக் முழுக்க அமுங்கினால் அதைவிட அரை இன்ச்சாவது குறைவாக, 15.5-க்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் கட்டைக்கு முன்பே ஷாக் அடி வாங்கிச் சாகும். சேசிஸை ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் 5 இன்ச் இறங்குகிறது என்றால் தூரம் 25. ஷாக் முழுக்க நீண்டால் 25.5 இருக்க வேண்டும். ஆக 10 இன்ச் நகர்வு. தொங்கவிட்ட அந்த நிலையிலேயே பிரேக் ஹோஸையும் பார்த்துவிட வேண்டும். பழைய குட்டை ஷாக் இதுவரை சக்கரத்தை இறங்கவிடாமல் பிடித்து அந்த ஹோஸைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். நீள ஷாக் மாட்டிய முதல் பள்ளத்தில் ஹோஸ் இழுபட்டு அறுந்தால், ஷாக் ஆணி முறிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும்.

மேலே சொன்ன கணக்கில் 15.5 இன்ச் குழாயில் 10 இன்ச் நகர்வு போக 5.5 இன்ச்தான் மிச்சம். ஆணி, சீல், பிஸ்டன் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ட்வின் ட்யூபுக்கு இது சாத்தியம். மோனோ ட்யூபில் வாயு அறைக்கும் அதே குழாயில் இடம் வேண்டும் என்பதால் நெருக்கடி. வாயு அறையைத் தனிக் குப்பிக்கு மாற்றி ஒரு ஹோஸால் இணைத்தது அதனால்தான். ரிசர்வாயர் என்று பக்கத்தில் தொங்குகிற அந்தக் குப்பி, குட்டைக் குழாயில் நீண்ட நகர்வு வேண்டும் என்பவருக்கும், மணிக்கணக்கில் பாலைவனத்தில் ஓட்டுபவருக்கும். வார இறுதியில் முப்பது கிலோமீட்டர் மண் ரோடு போய்வருபவருக்கு இல்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சாய்வு. ஷாக் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருந்தால் அதன் டேம்ப்பிங் கோசைன் வர்க்கமாகக் குறையும். 30 டிகிரி சாய்ந்தால் முக்கால் பங்கு, 45 டிகிரியில் பாதி. உயர்த்திய வண்டிகளில் இடம் கிடைத்தபடி ஷாக்கை வெல்டு வைத்துச் சாய்த்திருப்பார்கள். அதில் எவ்வளவு விலையுள்ள ஷாக் போட்டாலும் பாதி காசு வீண்.

நண்பன் அளந்து அனுப்பிய கணக்குக்கு, நான்கு பக்கமும் நீளம் பொருந்திய ட்வின் ட்யூப் கேஸ் ஷாக், சக்கரத்துக்கு ஒன்று என்று முடிவானது. அவன் முதலில் அனுப்பிய படங்களில் மலிவானதற்கு அடுத்தது. முன்பக்க பிரேக் ஹோஸும் மாற்ற வேண்டியிருந்தது.

அவன் கேட்ட இன்னொரு பொருளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் ஸ்டெபிலைசர் என்று விற்கிறார்களே, அது படுக்கவைத்த ஒரு ஷாக் அப்சார்பர்தான். உயர்த்தி, பெரிய டயர் போட்ட பழைய ஆக்ஸில் வண்டிகளில் குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரம் இரண்டும் இடம் வலமாக வெடவெடவென்று உதறும். அதை அடக்க இதை மாட்டுகிறார்கள். இந்த உதறலைப் பற்றிய ஆரம்பகாலக் கணித ஆய்வுகளில் ஒன்று விமானச் சக்கரங்களைப் பற்றியது. அமெரிக்காவின் நாகா அதை 1952-ல் மொழிபெயர்த்து வெளியிட்டது. எழுதியவர் அதே பூர்சியே து கார்போன். உதறல் தானாக வளர்வதற்குச் சக்கரத்தின் பிடிமானத்தில் இருக்கும் தளர்வும் ஒரு காரணம். 1984 டொயோட்டா என்றால், ஸ்டெபிலைசர் வாங்குவதற்கு முன்னால் முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். கடகடத்தால் வீல் பேரிங் இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அடுத்து நக்கிளின் மேல் பேரிங்கையும் கீழ் பேரிங்கையும் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.